வைக்கோல் அரங்கில் ஒரு நாம்பன்

1. சிவப்பு விரிப்பு

வைக்கோல் கட்டுகளை அடுக்கிக் கட்டிய ஒரு பெரிய வட்டம். அதன் நடுவில் கையில் சிவப்பு மேசைவிரிப்போடு ஒரு பெண். அவளுக்கு முன்னால் அறுநூறு கிலோவுக்குக் குறையாத ஒரு கறுத்த நாம்பன், இளங்காளை. சுற்றியுள்ள கட்டடத்தின் ஜன்னலெல்லாம் சனம். சனத்தின் கையெல்லாம் கைபேசி.

இது ஸ்பெயின் இல்லை. டென்மார்க்கில், மேற்கு யூலாந்தில், ஒரு மாட்டிறைச்சித் தொழிற்சாலையின் முற்றம். வெள்ளிக்கிழமை காலை, கோப்பி குடிக்கும் நேரம்.

விரிப்போடு நின்றவள் மெட்டே. ஆட்களை வேலைக்கு எடுப்பது, நிற்பாட்டுவது, பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவது எல்லாவற்றுக்கும் பொறுப்பான அலுவலர். அன்று பின்னேரம் எங்கள் கோடை விருந்து. அந்த வருஷம் விருந்துக்கு 'ஸ்பானிய இரவு' என்று பெயர் வைத்திருந்தாள். வைக்கோல் வட்டத்தைக் கட்டுவித்தவளும் அவளேதான். விருந்தில் காற்றடித்த ரப்பர் மாடு ஒன்றை அதற்குள் விடுவதாகத்தான் ஏற்பாடு. உண்மையான மாடு நிகழ்ச்சிநிரலில் இல்லை.

நான் வட்டத்துக்கு வெளியே நின்றேன். என்னுடைய வேலையே மாடுகளை ஒருவர் கண்ணிலும் படாமல், ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே கொண்டுபோவது. இருபது வருஷத்துக்கு மேலாக அதை ஒழுங்காகச் செய்துவந்தேன். அன்றைக்கு முழுத் தொழிற்சாலையும் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அது எப்படி நடந்தது என்று விளங்க, முதலில் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2. வளைவு

லொறியில் வரும் மாடுகளை இறக்கி, தண்ணீர் காட்டி, ஆறவிடும் கொட்டிலுக்கு ஸ்டால் என்று பெயர். அங்கே நானும் அன்ரனும் வேலை. அன்ரன் மன்னார்ப் பொடியன். பொடியன் என்றால் அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நான் ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து காரில் வருவேன், அவனையும் வழியில் ஏற்றிக்கொண்டு.

ஸ்டாலிலிருந்து உள்ளே போவதற்கு உயர்ந்த சுவர்களுக்கிடையில் ஒடுங்கிய பாதை ஒன்று உண்டு. அது நேராகப் போகாது. பாதி வழியில் வளையும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று மாட்டுக்குத் தெரியாது. வந்த இடத்துக்கே திரும்பிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அமைதியாக நடக்கும். படித்தவர்கள் யோசித்துக் கட்டிய பாதை. உண்மையிலேயே நல்ல பாதை. அடி இல்லை, கூச்சல் இல்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவதும் அதைத்தான்.

அந்த வளைவால் மாட்டைவிட அதிகம் நன்மை பெற்றது எங்கள் அலுவலகம் என்பது என்னுடைய சொந்த அபிப்பிராயம். மேல்மாடி ஜன்னலிலிருந்து லொறி தெரியும், முற்றம் தெரியும். வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

மாடுகளோடு நாங்கள் தமிழில்தான் கதைப்போம். "வா ராசா, வா." திட்டமிட்டுச் செய்ததல்ல, மாட்டைக் கண்டால் எங்களுக்கு வேறு மொழி வராது. டேனிஷ்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஏதோ சாந்தப்படுத்தும் சக்தி இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். லொறிச் சாரதிகள்கூட "வா ராசா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பசுவையும் ராசா என்றுதான் கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்தோம், சரிவரவில்லை.

என் மனைவிக்கு இந்த வேலையில் ஒரேயொரு நிபந்தனை இருந்தது. "கோயில்ல ஆரும் கேட்டா ஃபக்டரி எண்டு சொல்லுங்கோ. என்ன ஃபக்டரி எண்டு கேட்டா, பெரிய ஃபக்டரி எண்டு சொல்லுங்கோ." அவளுக்கும் ஒரு வளைவு தேவைப்பட்டது.

விருந்துக்கு இரண்டு வாரத்துக்கு முந்தி மெட்டே ஸ்டால் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை; அலுவலக ஆட்கள் உள்ளே வருவதில்லை. கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வாடிவாசலால் பாய்கிற காளை, அதன் திமிலில் தொங்குகிற இளைஞர்கள்.

"சிவா, இது உங்கடை ஆக்கள்தானே? நீயும் இப்பிடிப் பிடிச்சிருக்கிறியோ?"

(டேனிஷில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். டைரக்டருக்கும் நான் 'நீ' என்றே சொல்லுவேன். அவர்கள் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் வருவது என் மொழிபெயர்ப்பால் வந்த வினை.)

"இது தமிழ்நாடு, மெட்டே. கடலுக்கு அங்காலை. எங்கடை ஊரிலை மாட்டு வண்டிச் சவாரிதான். நேரா ஓடுற பாதை. வட்டமும் இல்லை, மாட்டோடை சண்டையும் இல்லை."

"அதிலை மாட்டுக்கு நோகாதோ?"

"நோகும். கம்பு நுனியிலை ஆணி வைச்சுக் குத்துவினம்."

"அப்ப அதுவும் ஒரு கலாசாரம்!" என்று சந்தோஷப்பட்டாள். விருந்துக்கு முதல்நாள் கன்ரீனில் ஒரு சின்ன உரை வேண்டுமாம். எருதுச் சண்டை அரங்குகளின் கலாசாரப் பின்னணி பற்றி. ஸ்பெயினிலிருந்து வந்த மிருக வைத்தியர் பிலார் பேசுவார், நான் 'ஆசியப் பார்வை'யைச் சேர்க்க வேண்டும். என்னிடம் ஆசியப் பார்வை ஒன்றும் கைவசம் இல்லை என்றேன். அடக்கமாக இருக்கிறாய் என்றாள்.

3. பிலாரின் உரை

பிலார் என்ற அந்தப் பெண்மணி அரசாங்கத்தின் ஆள். ஒவ்வொரு மாட்டையும் உயிரோடும் பிறகும் பார்த்து, சரி, பிழை சொல்லுவது அவருடைய வேலை. அவர் வேண்டாம் என்றால் டைரக்டரே வந்து நின்றாலும் வேண்டாம்தான். எருதுச் சண்டை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அவருடைய மாமன் ஒருவர் ஊர் அரங்கில் தச்சுவேலை செய்தவர். சின்ன வயதில் மாமனோடு அந்தப் பலகைகளுக்கிடையில் ஓடித் திரிந்திருக்கிறார். அதனால் அவர் பேசும்போது வெறுப்பும் பாசமும் கலந்து வந்தது.

முந்தி அரங்கென்று தனியாக ஒன்றுமில்லையாம். ஊரின் நடுச் சந்தைச் சதுக்கத்தில்தான் எருதை விடுவார்கள். கொண்டாட்டம், அரச கலியாணம், பெருநாள் எதுவென்றாலும் சதுக்கத்தை அடைத்துவிட்டால் அதுதான் அரங்கு. சதுரத்தில் ஒரு பிரச்சினை: மூலை. எருது மூலைக்குள் போய்ப் பின்பக்கத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றால் ஒருவராலும் அசைக்க முடியாது. அதனால் வட்டமாகக் கட்டத் தொடங்கினார்கள்.

"வட்டம் எதுக்கெண்டு கேட்டா, எல்லாருக்கும் வடிவாத் தெரியத்தான் எண்டு சொல்லுவினம். அது அரைவாசி உண்மை," என்றார் பிலார். "மற்ற அரைவாசி, எருதுக்கு ஒதுங்க இடம் குடுக்கக் கூடாது எண்டது."

தரையில் மணல், இரத்தத்தை உறிஞ்ச. ஓரத்தில் இடையிடையே பலகைத் தட்டிகள், ஆட்கள் ஓடி ஒளிய. இருக்கைகள் வெயில் பக்கம் மலிவு, நிழல் பக்கம் விலை. நிழலில் தலைவர் ஒருவர் இருப்பார்; எல்லாம் அவர் சைகைப்படி நடக்கும். அபூர்வமாக ஒரு எருது மிகவும் வீரமாக நின்றுவிட்டால், சனம் எழுந்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டும். தலைவர் சம்மதித்தால் எருதுக்கு மன்னிப்பு. காயத்துக்கு மருந்து போட்டுப் பட்டிக்கே திருப்பி அனுப்புவார்கள். மிச்சக் காலம் புல்லும் பசுக்களும்தான்.

"எருது என்ன குற்றம் செய்தது, மன்னிக்க?" என்று அன்ரன் என் காதில் கேட்டான்.

கேள்வி நேரத்தில் எங்கள் ஆட்கள் மிகவும் கொதித்துப்போனார்கள். மிருகத்தை இப்படியும் வதைப்பார்களா, அதையும் காசு கொடுத்துப் பார்ப்பார்களா? எலும்பு கழற்றும் பகுதியின் ஃபோர்மன் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல வேலைக்குப் போனார். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, அந்த இறைச்சியைப் பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டாள். விற்பார்கள் என்றார் பிலார். "அப்ப வீணாப் போகேல்லை," என்று மண்டபமே கொஞ்சம் ஆறுதலடைந்தது.

என்னுடைய ஆசியப் பார்வைக்கு நேரம் போதவில்லை. நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை.

உரையைக் கவனமாகக் கேட்டவள் மெட்டே ஒருத்திதான். வந்தது அங்கேதான் வினை. வட்டத்தைப் புல்வெளியில் கட்டுவதாகத்தான் முதலில் இருந்தது. உரை முடிந்ததும் முற்றத்தில் நின்று வெயில் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்தாள். டைரக்டர் மேசை நிழலில் வர வேண்டும்; அதுதான் மரபு. நிழல் விழும் இடம் லொறி இறக்கும் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வைக்கோலை அங்கே மாற்றுவித்தாள். மரப் பலகையில் ஒரு தட்டியும் செய்து சிவப்பு மை பூசி உள்ளே நிறுத்தினாள், ஆட்கள் நின்று படம் எடுக்க.

"மெட்டே, இது லொறி பின்னுக்கு வாற இடம்," என்றேன்.

"கொஞ்சம் சரிச்சு விடச் சொல்லு. ஒரு நாள்தானே."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

4. மூலை

வெள்ளிக்கிழமை காலை வந்த லொறி சொன்னபடி சரிந்து நின்றது. மேடைக்கும் லொறிக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி. நாங்கள் தடுப்புக் கம்பியை இழுத்து வைக்குமுன் கறுத்த நாம்பன் இடைவெளியால் பாய்ந்துவிட்டது.

பயந்த மாடு பழகிய வாசத்தைத் தேடி ஓடும். அந்தச் சீமெந்து முற்றத்தில் பட்டி வாசம் வந்தது ஒரே இடத்திலிருந்துதான்: பண்ணையிலிருந்து வந்த வைக்கோல். நேரே வட்டத்து வாசலால் நுழைந்தது. உள்ளே மெட்டே மேசைகளுக்கான சிவப்பு விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தினாள். விரிப்பை வீசி விரட்டப் பார்த்தாள்.

"துணியைக் கீழை போடு! அசையாதை!" என்று நான் கத்தினேன். நிறமெல்லாம் மாட்டுக்கு ஒரு பொருட்டில்லை. அசைவுதான் அதை இழுக்கும். அவள் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சிவப்புத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். படம் எடுக்கக் கட்டியது உயிர் காக்க உதவியது. ஆனால் அது மெல்லிய பலகை. நாம்பன் வந்து ஒருமுறை முட்டியதுமே நடுப்பலகை பிளந்துவிட்டது.

ஸ்டால் ஃபோர்மன் துவக்கோடு ஓடி வந்தார். இப்படியான நேரத்துக்கென்று ஒரு துவக்கு வைத்திருப்போம். அவர் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் நின்று குறி பார்த்தாலும் மாட்டுக்குப் பின்னால் மெட்டே, அல்லது ஜன்னல், ஜன்னலில் சனம். துவக்கைத் தாழ்த்திக்கொண்டு, "ஏலாது," என்றார்.

நானும் அன்ரனும் கைகளை விரித்துக்கொண்டு வாசல் பக்கமாக மாட்டை ஓட்டப் பார்த்தோம். இருபது வருஷத்து அனுபவம் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. வட்டத்துக்குள் மாட்டை ஓட்டினால் அது வட்டமாகத்தான் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் தட்டியைக் கடந்தது. கடக்கும்போதெல்லாம் மேலே ஜன்னல்களில் 'ஓ' என்ற சத்தம் எழுந்தது. இரண்டாவது முட்டோடு மெட்டேயின் தோள் வெளியே தெரிந்தது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அப்போது பிலார் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். "ஓட்டாதை சிவா! வட்டத்தை உடையுங்கோ! அதுக்கொரு மூலை குடுங்கோ!"

அன்ரன் ஃபோர்க்லிஃப்டில் ஏறினான். மேடைப் பக்கத்தில் நாலைந்து கட்டுகளைத் தூக்கி, ஸ்டால் கதவு வரைக்கும் இரண்டு பக்கமும் வைத்தான். ஒரு மூலை வந்தது. மூலைக்குப் பின்னால் ஸ்டாலுக்குப் போக ஒரு ஒடுங்கிய ஒழுங்கையும் வந்தது. நான் ஸ்டாலுக்குள் போய் ஒரு சிவப்புப் பசுவைக் கொண்டுவந்தேன். பால் வற்றிப்போய் அன்று காலை வந்த கிழப் பசு. ஆள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் குணம். யாரோ ஒரு கமக்காரர் அதை நன்றாக வைத்திருந்திருக்கிறார்.

ஜன்னலைப் பார்த்து வாயை மூடுங்கள் என்று டேனிஷில் கத்தினேன். அந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட ஒரேயொரு கெட்ட சொல்லையும் கூடவே சேர்த்தேன். சத்தம் நின்றது. கைபேசிகள் இறங்கவில்லை.

"வா ராசா, வா."

பசு உள்ளே போய் நின்றது. ஒரு முறை சுற்றிப் பார்த்தது. பிறகு மூலையில் இருந்த வைக்கோலை இழுத்துத் தின்னத் தொடங்கியது. நாம்பன் நின்றது. மூச்சு விட்டது. பசுவின் பக்கத்தில் போய், பின்பக்கத்தை வைக்கோல் மூலையில் வைத்துக்கொண்டு, தானும் ஒரு வாய் இழுத்தது.

அவ்வளவுதான். மெட்டே தட்டிக்குப் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வெளியே வந்தாள். பிலார் அவளைப் பிடித்துக்கொண்டார்.

5. வெள்ளைக் கைக்குட்டை

மேலே யார் தொடங்கினார்களோ தெரியாது. கைக்குட்டை வைத்திருக்கும் பழக்கம் டேனிஷ்காரருக்கு இல்லை. கடதாசித் துவாயை ஆட்டினார்கள். வெட்டும் பகுதி ஆட்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி ஆட்டினார்கள். "கார்லோஸ்! கார்லோஸ்!" என்று சத்தம். அதற்குள் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை என்று நினைத்தேன். ஆனால் அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

டைரக்டர் டோர்பன் இறங்கி வந்தார். நல்ல மனிதர். கண் சிவந்திருந்தது.

"பிலார், அதை விட்டிடுவம். என்ரை மச்சானுக்குப் புல்வெளி இருக்கு. காசை நான் குடுக்கிறன்."

"ஏலாது, டோர்பன்."

"ஒரு மாடுதானே."

"இந்தப் படலையாலை உள்ளை வந்த மாடு உயிரோடை வெளியிலை போகக் கூடாது. தொற்று வருத்தம் பரவும் எண்டு சட்டம். உனக்குத் தெரியாதோ?" என்றார் பிலார். "என்ரை நாட்டிலை எண்டா இதைச் செய்யலாம். உங்கடை நாட்டிலை ஏலாது."

நேற்று கன்ரீனில் ஸ்பெயினுக்காக வெட்கப்பட்டு நின்ற மனுஷி இப்படிச் சொல்ல வேண்டி வந்தது.

டோர்பன் ஜன்னலைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. நிழலில் இருக்கிற தலைவர் யாரென்று அப்போதுதான் அவருக்கே விளங்கியது போலிருந்தது. கையை உயர்த்தினார். சம்மதமா, பொறுங்கள் என்பதா, ஒருவருக்கும் தெரியாது. மேலே கைதட்டல் எழுந்தது. அவர் கையை இறக்கிவிட்டு, என் பக்கம் குனிந்து, "சாப்பாட்டு நேரத்திலை செய்," என்றார்.

அன்ரன் அதைக் கேட்டுவிட்டான். "அண்ணை, யேசுவைச் சாகக் குடுத்த பிலாத்துவும் கை கழுவத் தண்ணியாவது கேட்டவன்," என்றான்.

அன்று பின்னேரம் விருந்து நடந்தது. வைக்கோல் வட்டத்தில் ரப்பர் மாடு துள்ளியது. டோர்பன் எழுந்து, மிருகங்களை மதிக்கும் எங்கள் வேலைப் பண்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசி, கார்லோஸுக்காகக் கிண்ணம் உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தினார்கள். கார்லோஸ் எந்தப் புல்வெளிக்குப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலிருக்கத் தெரிந்த சனம். பிறகு எல்லாரும் சுட்ட மாட்டிறைச்சி சாப்பிட்டார்கள். எங்கள் சொந்தச் சரக்கு, நல்ல பதம். நான் உருளைக்கிழங்குச் சலாதை எடுத்துக்கொண்டேன். அது விரதமில்லை, இறைச்சி இறங்கவில்லை.

6. மெட்டேயின் கேள்வி

திங்கட்கிழமை, அதிர்ச்சியான காட்சியைக் கண்ட ஊழியர்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகரை வரவழைத்தார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் வெட்டும் பகுதி. மாடு சாகாமல் தப்பியதைக் கண்ட அதிர்ச்சியாக இருக்க வேண்டும். அவர்களை நான் பகிடி பண்ணக் கூடாது. என்னுடைய முறை வந்தபோது நானும் போய் இருந்து, மெட்டேயின் தோள் வெளியே தெரிந்த அந்த நேரத்தைச் சொல்லி அழுதேன்.

மெட்டே அந்த வரிசையில் இல்லை. அவள் ஸ்டாலுக்கு வந்தாள். முதல் தடவையாக வாசலைக் கடந்து உள்ளே வந்து, ரப்பர் சப்பாத்துக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒடுங்கிய பாதையில் வளைவு வரைக்கும் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"கார்லோஸ் புல்வெளிக்குப் போகேல்லை, என்ன?"

"இல்லை."

"இதாலைதான் போனதோ?"

"ஓம். சத்தமில்லாமல் போனது."

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வளைவுக்கு அப்பால் எட்டிப் பார்க்கப்போய்த் தயங்கி, பிறகு உண்மையாகவே எட்டிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

இனி இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவம் இதுதான். வட்டத்தைக் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று கட்டுகிறார்கள். வளைவைக் கட்டுகிறவர்கள் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று கட்டுகிறார்கள். மாட்டுக்கு இரண்டிலும் மூலை இல்லை. நீங்கள் எங்கே வேலை செய்தாலும், ஒருமுறையாவது வளைவுக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். பார்த்த பிறகும் வேலைக்கு வரலாம், நான் வந்தேன். ஆனால் பார்க்காமல் கைக்குட்டை ஆட்டக் கூடாது.

அன்று மெட்டே திரும்பி நடக்கும்போது பாதி வழியில் நின்றாள்.

"அந்தச் சிவப்புப் பசு?"

அதைப் பற்றி வேறு ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவுமில்லை.

"நாம்பன் தனியப் போக மாட்டன் எண்டு நிண்டது, மெட்டே," என்றேன். "அதாலை பசுவைத்தான் முன்னுக்கு விட்டனாங்கள்."